புயல் நேரத்தில் நிறைமாத கர்ப்பிணி வீட்டில் இருக்கலாமா?



கடலை நம்பிப் பிழைக்கிற நமக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாம்பனிலிருந்து போன ரயில் வண்டியே பயணிகளோடு கடலுக்குள் போய்விட்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலுக்குப் போன குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை.

படகையும் வலையையும் காப்பாற்ற உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் பேச வந்தது வீட்டுக்குள் இருக்கிற ஆளைப் பற்றி.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். புருஷன் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மனைவிக்கு ஒன்பதாம் மாதம். தூத்துக்குடி துறைமுகத்தில் 3-ம் எண் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக ரேடியோவில் சொல்கிறார்கள். மாமியார் என்ன சொல்வாள்?

"இன்னும் இருவது நாள் கெடக்கு. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போயி என்ன செய்யப் போறா? காத்து அடங்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

"அம்மை சொல்லுததும் சரிதான்" என்று மகனும் சொல்லிவிட்டு, படகை மேட்டில் இழுத்துக் கட்ட ஓடுவார். படகுக்கு மட்டும் காற்று அடங்கட்டும் என்று காத்திருக்கவில்லை, பார்த்தீர்களா!

3-ம் எண் என்றால் துறைமுகப் பக்கம் பலத்த காற்றுக்கு இடமுண்டு என்று அர்த்தம். 8, 9, 10 பேராபத்து. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போயிற்று என்று அர்த்தம். 8 ஏறிய பிறகு வண்டி கூப்பிட்டால் யார் வருவது? சாலையில் மரம் விழுந்து கிடக்கும், கரண்டு இருக்காது, போன் எடுக்காது. புயல் ஒரு நாள் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டு வருகிறது. இடுப்பு வலி அப்படி நாள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பயத்திலும் அலைச்சலிலும் முன்கூட்டியே வருவதும் உண்டு.

கூண்டு ஏறவில்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தை மூழ்கடித்தது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் வானத்தில் உண்டான மேலடுக்குச் சுழற்சிதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஏறத்தாழ 800 பேரோடு ரயில் நின்றுவிட்டது. ஏரல் பக்கத்து ஊர்கள் தீவாகிப் போயின. அந்த நேரத்தில் வலி கண்டால் என்ன செய்திருப்பீர்கள்?

ஆகவே, பிரசவ நாள் நெருங்கியிருந்தால் புயலோ கனமழையோ எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்படி முன்கூட்டியே சேர்த்துக்கொள்வது தமிழ்நாட்டில் வழக்கந்தான். 108-க்குச் சொன்னால் வண்டி வரும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிற பெண்ணானால் அந்த ஊர் நர்ஸம்மாவிடம் வந்த அன்றே சொல்லிவையுங்கள். புருஷன் வீட்டு ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இங்கே இருப்பாள். இரண்டு ஊரிலும் தேடாமல் விடப்படுவது இப்படித்தான். பிக்மி எண், தாய்-சேய் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நீர்க்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்தாலோ, மழை விடட்டும் என்று ஒரு நிமிஷமும் பார்க்கக்கூடாது.

காற்று ஓய்ந்த பிறகுதான் இரண்டாவது ஆபத்து வருகிறது. முகாமில் இருக்கும்போது, "அதிர்ச்சியில பால் வத்திப் போச்சு" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனசோடு யாரோ பால் பவுடர் டப்பாவும் கொண்டுவந்து தருவார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு அதைக் கொடுக்காதீர்கள். பயத்தில் பால் இறங்குவது சற்றுத் தாமதப்படலாம், சுரப்பது நின்றுவிடாது. பிள்ளையை அடிக்கடி மார்பில் போட்டால் மறுபடி இறங்கும். புட்டியையும் நிப்பிளையும் கொதிக்கவைக்க முகாமில் அடுப்புக்கு எங்கே போவது? கலங்கிய தண்ணீரில் கலக்கிய பாலால்தான் பேதி வருகிறது. தாய்க்கு ஒரு வாய் சோறும் தண்ணீரும் அதிகம் கொடுத்து, சற்று மறைவாக உட்கார இடம் ஒதுக்கித் தருவது வீட்டுக்காரர் வேலை.

பெரியவர்களும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். கிணற்றில் போடுகிற பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கடல்நீர் புகுந்த கிணற்றை இறைத்து, சுகாதார ஆய்வாளர் பார்த்துச் சொன்ன பிறகே குடிக்க எடுங்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கானால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. வீடு போய், வலை போய் நிற்கிற நேரத்தில் மாத்திரை சாப்பிட யாருக்கு ஞாபகம் இருக்கும்? மாலா-என் மாத்திரை இரண்டு நாள், அதற்கு மேல் விட்டுப்போனால் மறுபடி தொடர்ந்து சாப்பிடுங்கள். ஏழு நாளைக்கு நிரோத்தும் உபயோகியுங்கள். மூன்று மாத ஊசி போடுகிறவர்கள் தேதி தாண்டிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். அட்டையே வெள்ளத்தோடு போயிருந்தாலும் கவலை வேண்டாம். முகாமுக்கு வருகிற நர்ஸம்மாவிடம் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள், பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார். குழந்தைக்குத் தவறிப்போன தடுப்பூசியை விட்ட இடத்திலிருந்தே போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.