புள்ளி எங்கே ஸார்?

மானிட்டர் வாங்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? 'எத்தனை இஞ்ச்?' என்று கேட்பார்கள். 'தள்ளுபடி எவ்வளவு?' என்று கேட்பார்கள். கடைசியாக, ஒரு மவுஸ் பேடாவது ஓசியில் கிடைக்குமா என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து ப்ளக்கைச் செருகிப் படம் தெரிந்துவிட்டால், சந்தனப் பொட்டு வைத்து ஊதுபத்தி காட்டியதோடு சரி. காசு கொடுத்த சரக்கு முழுசாக வேலை செய்கிறதா என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை.

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இல்லை. ஆனால் எங்கள் படிப்பில் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். ஸ்டாக் ரெஜிஸ்டரில் நூறு மூட்டை என்று எழுதியிருந்தால் போதாது. கோடவுனுக்குப் போய் மூட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும். மானிட்டர் வந்த அட்டைப் பெட்டி, ரெஜிஸ்டர். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், கோடவுன். வாருங்கள், எண்ணுவோம்.

ஸ்க்ரீன் என்பது ஒரு புள்ளிக் கோலம். ஃபுல் ஹெச்.டி. என்றால் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 வரிசை. பெருக்கினால் 20,73,600. 4கே என்றால் 3840க்கு 2160. அதாவது 82,94,400, சரியாக நாலு மடங்கு. இந்தப் புள்ளிகள் ஃபாக்டரியிலேயே வைக்கப்பட்டவை. நாம் ஒன்று கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால், குறைந்த மாதிரி நடிக்கச் சொல்ல முடியும். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

நண்பர் ஒருவர் தி.நகரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். வயது நாற்பத்தாறு. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டு மூன்று வருஷம் ஆகிறது. திடீரென்று ஒரு மாசமாக சாயந்தரமானால் தலைவலி. எக்ஸல் ஷீட்டில் 3 எது, 6 எது, 8 எது என்று புரியவில்லை. தமிழில் லெட்டர் அடித்தால் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளி கரைந்து போகிறது. கண் டாக்டர் சோதித்துவிட்டு, "பவர் மாறவே இல்லை. அதே கண்ணாடி போதும்" என்றார். நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னார், ஃபீஸ் மட்டும் இருநூறு ரூபாய் அதிகம். இதற்கிடையில் 36,800 ரூபாய் பில்லை 38,800 என்று பாஸ் பண்ணி, மானேஜரிடமிருந்து மெமோ வேறு.

ஒரு சனிக்கிழமை அவர் ஸீட்டுக்குப் போயிருந்தேன். இருபத்து நாலு இஞ்ச், புது மானிட்டர். டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்தேன். 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' என்ற இடத்தில் 1366க்கு 768 என்று இருந்தது. அதற்கு மேலே, பட்டியலின் தலைமாட்டில், 1920க்கு 1080 'ரெக்கமண்டட்' என்று பரிதாபமாகக் காத்துக் கொண்டிருந்தது.

"இதை யார் ஸார் மாத்தி வெச்சது?"

"எழுத்து பொடிசா இருக்குன்னு சொன்னேம்ப்பா. சிஸ்டம் பையன் வந்து பெருசு பண்ணிக் குடுத்துட்டுப் போனான்."

பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பல ஆபீஸ்களில் நடப்பது இதுதான். ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்து பெரிதாவது நிஜம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1920ஐ 1366ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4. கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு புள்ளியையும் 1.4 புள்ளியில் போட்டாக வேண்டும். மானிட்டரில் அரைப் புள்ளி, கால் புள்ளி எல்லாம் கிடையாது. வேறு வழியில்லாமல் பக்கத்துப் புள்ளியோடு கலந்து சாம்பல் கலரில் பூசிவிடுகிறது. மேலே தூறல் விழுந்த கோலம் மாதிரி! 3-க்கு இடது பக்கம் இருக்கும் திறப்பில் சாம்பல் பூசினால் அது கிட்டத்தட்ட 8. நம் தமிழ் எழுத்துக்கோ சுழியும் கொம்பும் புள்ளியும் அதிகம். அடி கொஞ்சம் பலமாகவே விழும்.

எழுத்தைப் பெரிதாக்க முறையான இடம் அதே பக்கத்தில், ரெசல்யூஷனுக்கு மேலேயே இருக்கிறது. 'ஸ்கேல்' என்று பெயர். 125, 150 என்று சதவிகிதக் கணக்கு. ரெசல்யூஷனை 'ரெக்கமண்டட்'டில் நிறுத்திவிட்டு ஸ்கேலை ஏற்றினால், எல்லாப் புள்ளியும் வேலை பார்க்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் அதிகப் புள்ளி ஒதுக்கப்படும். பெரிசாகவும் தெரியும், பளிச்சென்றும் தெரியும். ரெசல்யூஷனை மாற்றி ஏதாவது ஏடாகூடமானால் பயப்பட வேண்டாம். நீங்கள் 'சரி' சொல்லாவிட்டால் பதினைந்து செகண்டில் விண்டோஸ் தானாகப் பழையபடி ஆகிவிடும். (சம்சாரத்தில் இப்படி ஒரு வசதி இல்லை.)

நண்பருக்கு 125 வைத்துக் கொடுத்தேன். "அடடா, புள்ளி வந்துடுச்சே!" என்றார். மெமோவை மானேஜர் வாபஸ் வாங்கவில்லை. அது வேறு டிபார்ட்மெண்ட்.

அடுத்து ஹெர்ட்ஸ். ஸ்க்ரீன் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அந்தக் கால டப்பா மானிட்டரில் 60 வைத்தால் கண்ணுக்கு முன்னால் துடிக்கும். 75, 85 என்று ஏற்றி வைப்போம். இப்போதைய தட்டை மானிட்டர் அப்படித் துடிப்பதில்லை. வேகம் கூடினால் நகர்வது வழுக்கிக் கொண்டு போகும், அவ்வளவே. பில் போடுகிறவருக்கு 60 தாராளம். ஆனால் கேம் ஆடுவதற்கென்று கைக்காசு போட்டு 144 ஹெர்ட்ஸ் வாங்கிய இளைஞர்களே, 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'க்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பல சமயம் அது 60லேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

பட்டியலில் 144 இல்லவே இல்லையா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய ஹெச்.டி.எம்.ஐ. 1.4 முறையில் 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 2013ல் வந்த 2.0 முறையில்தான் 60 கிடைத்தது. புது 4கே மானிட்டரில் மவுஸ் அம்பு நொண்டினால் முதலில் இதைப் பாருங்கள். கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றில் எது சோப்ளாங்கியோ, அதன் வேகம்தான் மொத்த வேகம்.

செல்போனிலும் இதே கதைதான். விலை உயர்ந்த சில மாடல்கள் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்தே பெட்டியிலிருந்து வருகின்றன, பாட்டரி நிற்க வேண்டுமே! முழுசும் வேண்டுமா, சார்ஜ் வேண்டுமா என்பது உங்கள் முடிவு. என் ஓட்டு சார்ஜுக்கு. கையகல ஸ்க்ரீனில் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கழுகு வேண்டும்.

வெளிச்சத்துக்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ஸ்க்ரீனில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஸ்க்ரீன் ட்யூப்லைட் மாதிரி எரிந்தால் அதிகம், குறையுங்கள். அழுக்கு வேட்டியாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சரி.

நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது என்று சொல்லி விசேஷக் கண்ணாடி விற்கிறார்களே, அதை அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி சிபாரிசு செய்வதில்லை. கண் எரிவதற்குப் பெரிய காரணம், நாம் இமைக்க மறப்பது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறவர்கள், ஸ்க்ரீனைப் பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறார்கள். அதற்கு டாக்டர்கள் சொல்லும் வழி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது செகண்ட் பார்ப்பது. ஆபீஸில் அவ்வளவு தூரத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு, எதிர்ச்சுவர்க் கடிகாரம் உத்தமம். நாலரை மணிக்கு மேல் அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.