நஞ்சுண்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுமுன்
கமக்காரர் அறிந்திருக்கவேண்டியவை

பூச்சிகொல்லியை நாம் வழக்கமாக மருந்து என்றே கூறுகிறோம். ஆயினும் அது நஞ்சேயாகும். தெளிக்கும்பொழுது தோலினூடாகவும் மூச்சுடனும் அது உடலினுட் புகலாம். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்ததைப் பிள்ளை அறியாது குடித்துவிடலாம். மனமுடைந்த ஒருவர் தாமே அருந்திவிடவுங் கூடும். எவ்வாறு நேரினும், வைத்தியசாலையை அடையுமுன் வீட்டார் செய்வனவும் செய்யாது விடுவனவும் அவருடைய உயிரைக் காக்கவோ போக்கவோ வல்லன.

நஞ்சு செய்யும் தீங்கு

நரம்பிலிருந்து தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கொண்டுசெல்வது அசற்றைல்கோலீன் என்னும் பொருளாகும். வேலை முடிந்ததும் இதனைச் சிதைத்தற்கு உடலில் ஒரு நொதியம் உண்டு. சேதனப் பொசுபரசு, காபமேற்று ஆகிய இனப் பூச்சிகொல்லிகள் அந்நொதியத்தைத் தடுத்துவிடுகின்றன. அதனால் வாயில் உமிழ்நீர் பெருகும், உடல் வியர்க்கும், கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும், தசைகள் துடிக்கும். நெஞ்சினுள் நீர் கோத்து, மூச்சுத் தசைகளும் தளருமாயின் உயிர் பிரியும்.

இவற்றுக்கு அற்றோபீன் என்னும் மாற்றுமருந்து உண்டு. நெஞ்சிலுள்ள நீர் வற்றும்வரை வைத்தியர் இதனை அளவறிந்து ஏற்றுவார். ஆனால் பரக்குவாற் என்னும் களைகொல்லிக்கு இத்தகைய மாற்றுமருந்து இல்லை. ஏனைய நோயாளிகளுக்கு உதவும் ஒட்சிசன்கூட, அதனை உண்டவரின் நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகவே எந்த நஞ்சு என்பதை வைத்தியர் விரைவில் அறிதல் இன்றியமையாதது. அதனைக் கூறவல்லது போத்தலில் ஒட்டியுள்ள லேபிள் ஒன்றே.

செய்யவேண்டியவை

1. நஞ்சுபட்ட உடைகளை உடனே களைக. தோலைச் சவர்க்காரமிட்டு நிறைந்த நீரினாற் கழுவுக. கண்ணிற் பட்டிருப்பின் தூய நீரை 15 நிமிடம்வரை ஊற்றிக் கழுவுக. உதவுபவர் கையுறை அணிதல் வேண்டும்.

2. உணர்விழந்தவரை இடப்பக்கமாகச் சரித்துக் கிடத்துக. வாயிலுள்ளவை வெளியே வடிய இது உதவும்.

3. 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். வண்டி வரத் தாமதமாயின் கிடைக்கும் வாகனத்திற் கொண்டுசெல்க.

4. போத்தலை லேபிளுடன் ஒரு பையில் இட்டுக் கட்டி எடுத்துச் செல்க. எவ்வளவு, எத்தனை மணிக்கு உட்சென்றது என்பதையும் கூறுக. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தினிடம் வைத்தியர் ஆலோசனை பெறுதற்கும் இவ்விவரங்கள் உதவும்.

செய்யத்தகாதவை

உப்புநீர் பருக்கியோ தொண்டையில் விரலிட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பல பூச்சிகொல்லிகள் மண்ணெண்ணெய் போன்ற திரவங்களிற் கரைக்கப்பட்டவை. வாந்தியின்போது அவை நுரையீரலினுட் புகுந்து பெருந்தீங்கு விளைக்கும். பால், எண்ணெய் முதலியவற்றையும் கொடுக்கலாகாது. கைவைத்தியம் பார்த்துக் காலங் கழித்தலும் ஆகாது.

பொலிசாருக்கு அஞ்சி உண்மையை மறைப்பவரும் உளர். 1998 ஆம் ஆண்டிலேயே தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது. வைத்தியரிடம் நடந்ததை நடந்தபடியே கூறுங்கள்.

தேறிவிட்டார் என்று அழைத்துவராதீர்கள்

முதல் நாளில் எழுந்து பேசிய நோயாளி, 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்தை உயர்த்தமாட்டாது தளர்ந்து, மூச்சுத் திணறுதல் உண்டு. இதனை 1987 ஆம் ஆண்டில் உலகிற்கு விரித்துரைத்தவர்கள் இலங்கை வைத்தியர்களான சேனநாயக்கவும் கரலியத்தவுமாவர். அவ்வேளையில் மூச்சுவிடச் செய்யும் பொறியே உயிர் காக்கும். ஆதலின் வைத்தியர் விடைகொடுக்குமுன் வீட்டுக்கு அழைத்துவருதல் ஆபத்தானது.

வருமுன் காத்தல்

மொனோகுறோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய கடும் நஞ்சுகள் 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பன் 1998 ஆம் ஆண்டிலும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. அதன்பின் நாட்டில் தற்கொலை மரணங்கள் பெரிதுங் குறைந்தன. கைக்கெட்டும் தூரத்திற் கடும் நஞ்சு இல்லையாயின், ஒரு கணத்துத் துயரம் உயிரைக் கொண்டுபோவது அரிது என்பதை இதனால் அறியலாம்.

எனவே ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவையே வாங்குங்கள். வேறு போத்தலில் ஒருபோதும் ஊற்றிவையாதீர்கள். தடைசெய்யப்பட்ட பழைய நஞ்சு வீட்டில் எஞ்சியிருப்பின், கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்டாது, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். வீட்டில் மனந்தளர்ந்தவர் இருப்பின், நஞ்சை வீட்டிலேயே வையாது அகற்றிவிட்டு, அவருடன் இருந்து பேசுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

பயிர் ஒரு போகம் அழியின் மறுபோகம் விளையும். போன உயிர் மீளாது.