காய்ந்தால் சாகும் படகு

கோல்டன் குளோப் பாய்மரப் போட்டி 2026 செப்டம்பரில் பிரான்சில் தொடங்குகிறது. அதையொட்டி வந்த கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: அதன் முதல் போட்டியில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாளாக, இடைநில்லாமல் உலகைச் சுற்றிவிட்டு 1969-இல் இங்கிலாந்தின் ஃபால்மவுத்துக்குத் திரும்பிய ‘சுஹைலி’யும் நம் இந்திய மாலுமி அபிலாஷ் டோமி ஓட்டிய படகும் ஒன்றா? போட்டி தொடங்குமுன் இதைத் தீர்த்துவிடலாம்.

டோமி ஓட்டியது சுஹைலியா?

இல்லை. 2018 போட்டியில் அவர் ஓட்டிய ‘துரியா’ கோவாவில் கட்டியது. அதை சுஹைலியின் ‘நகல்’ என்று அறிவித்தார்கள். நகல் என்பது இங்கே வெளித்தோற்றத்தை மட்டும் குறிக்கும் சொல். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கட்டுமானம் அதில் கிடையாது. அந்தப் படகும் இன்று இல்லை. தென் இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டுக் கிடந்த டோமியைப் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. துரியா கடலோடு போயிற்று. 2023-இல் அவருக்கு இரண்டாமிடம் வாங்கித் தந்த ‘பயானத்’ ஃபைபர் படகு.

அசல் சுஹைலி அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறதா?

‘பத்திரம்’ என்ற சொல்லில்தான் வில்லங்கம். 1997-இல் அதை கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மழை இல்லை, அலை இல்லை, உப்புக் காற்று இல்லை. ஆனால் படகு கெட ஆரம்பித்ததே அங்கேதான்.

பலகைப் படகுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது ஆணியோ பெயின்ட்டோ அல்ல, தண்ணீரேதான். இரண்டு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் இறுக்கி அடித்து, மேலே பூச்சு அப்புவார்கள். தமிழில் இதற்குக் கலப்பற்று என்று பெயர். முதன்முதலில் கடலில் இறக்கும்போது படகு கசியத்தான் செய்யும். பிறகு மரம் ஊறும். நீளவாட்டில் அவ்வளவாக இல்லை, அகலவாட்டில் உப்பும். பலகை பலகையை நெருக்க, இடையில் சிக்கிய பஞ்சு கல்லாக இறுக, கசிவு நின்றுவிடும். தச்சர் பாதி செய்த வேலையைக் கடல் முடித்துவைக்கிறது.

காயவிட்டால் எல்லாம் தலைகீழ். பலகை சுருங்கும், இடுக்கு வாய் திறக்கும். ‘மறுபடி நனைத்தால் சரியாகிவிடாதா?’ என்று கேட்கலாம். முழுக்கச் சரியாகாது. ஊறியிருந்த காலத்தில் ஒன்றையொன்று நெருக்கிய விளிம்புகளில் மரநார்கள் நசுங்கியிருக்கும். நசுங்கிய நார் பழைய அளவுக்கு மீளாது. அதனால் காய்ந்த பலகை, ஊறுவதற்கு முன் இருந்த அகலத்தைவிடக் குறுகிப்போகிறது. அந்த இடுக்கில் இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்தால், அடுத்த முறை ஊறும்போது நெருக்கடி கூடி, ஆணிகள் இழுபட்டு, உள் சட்டங்கள் தளரும். படகைப் பழுதாக்க ஒரு அலைகூட வேண்டாம்; உலர்ந்த கூடம் போதும்.

இத்தனைக்கும் சுஹைலி பம்பாயில் கட்டிய தேக்குப் படகு. சுருக்கம் குறைந்த மரம் தேக்கு. 1968 பயணத்தில் அடிப்பலகை கசிந்தபோது, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் குதித்து, கித்தான் பட்டையில் பஞ்சைத் தைத்து, தார் பூசி, செப்பு ஆணிகளால் இடுக்கின்மேல் அறைந்தார். அதன்மேல் செப்புத் தகட்டையும் பதித்தார். வானொலிக் கருவி பொருத்த வந்தவர்கள் விட்டுச்சென்ற தகடு அது. அந்த ஒட்டுவேலையோடு அவ்வளவு தூரத்தையும் கடந்த படகு, கிரீனிச்சின் வறண்ட காற்றில் வாடியது. அது சாவதைப் பார்க்க மனமில்லாமல் 2002-இல் அவரே அதை வெளியே எடுத்து, பல ஆண்டுகள் பழுதுபார்த்து, கடலில் இறக்கினார். 2019 ஏப்ரல் 22 அன்று, ஐம்பது ஆண்டு நிறைவில், எண்பது வயதில் அதே படகில் ஃபால்மவுத்துக்குள் மீண்டும் வந்தார்.

அதன் சொந்தத் துறைமுகம் எது?
பிறந்தது பம்பாய், 1968 ஜூன் 14 புறப்பட்டதும், 312 நாள் கழித்துத் திரும்பியதும் ஃபால்மவுத்.

உண்மையிலேயே எங்கும் நிற்கவில்லையா?
நியூசிலாந்தின் ஒட்டாகோ அருகே தரைதட்டி நின்றது. ‘இடைநில்லா’ என்பதை ‘பிறர் உதவியில்லா’ என்று படியுங்கள்.

வேகம்?
சராசரியாக மணிக்குச் சுமார் 4 கடல் மைல்.

பெயருக்குப் பொருள்?
வளைகுடா அரபு மாலுமிகள் தென்கிழக்குக் காற்றை அழைக்கும் பெயர்.

5,000 பவுண்டு பரிசு?
தான் வென்ற அந்தப் பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன், அதே முதல் போட்டியில் உயிரிழந்த டொனால்ட் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக, கடலோர ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தோணி ஒன்றை சிமென்ட் மேடையில் ஏற்றிக் கூரை போட்டு ‘பாதுகாக்க’ யாராவது கிளம்பினால், கல்வெட்டில் யார் பெயர் வரும் என்று விசாரிக்கும் முன், அந்தப் பலகைகளை யார், எப்படி ஈரமாக வைத்திருக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.