கைகழுவும் பேசினும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். நிலத்தில் ஒழுகும் கழிவுநீரும் அவ்வழியே இறங்கக்கூடும். தூண்மேல் அமைந்த பேசினின் கீழ்க் கசிவையோ தூண் மறைத்துவிடும். ஆதலின் அடிக்கடி எட்டிப் பார்த்தல் நன்று.

வளைகுழாயின் நட்டு சுண்ணாம்பு படிந்து இறுகியிருப்பின், வினாகிரியில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் இளகும். பழைய றப்பர் வளையத்தை மீண்டும் இடுதல் வீண் சிக்கனம். வளைகுழாயை அகற்றி நேர்குழாய் பூட்டுவதோ பெருந்தவறு. 1775இல் மணிக்கூட்டுக் கலைஞர் அலெக்சாந்தர் கமிங் மலகூடத்துக்குக் காப்புரிமை பெற்ற வளைவின் தத்துவமே இங்கும் உள்ளது: அதில் நிற்கும் சிறிது நீர் கழிவுக்குழியின் துர்வாடையைத் தடுக்கிறது.

பூட்டியபின் பேசினை நிரப்பி ஒருங்கே திறந்துவிட்டு, இணைப்புகளை உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும்.