கேரளாவின் கடைசித் தொகுதியும் உம்மன் சாண்டியின் 72 எம்எல்ஏக்களும்: ஒரு கூட்டணி ஆட்சி எப்படித் தாக்குப்பிடித்தது?

நாகர்கோவிலில் பஸ் ஏறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த ரூட் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை. அதைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை. கடை போர்டுகள் சட்டென்று மலையாளத்துக்கு மாறிவிடும், பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் நெய்யாற்றின்கரை.

கேரள சட்டமன்றத்தில் மொத்தம் 140 தொகுதிகள். முதல் எண் வடக்கே மஞ்சேஸ்வரம். கடைசி எண்ணான 140 இந்த நெய்யாற்றின்கரைதான். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோடு ஊராட்சியும் இதற்குள்தான் வருகிறது. 2012-ல் ஒரு மாநில அரசின் ஆயுசு, இந்தக் கடைசித் தொகுதியில் வந்து நின்றது. கேரளாவில் கூட்டணி ஆட்சி எப்படி அமைகிறது, எப்படி நிற்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

72-க்கு 68

2011 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு 72 இடங்கள். சிபிஎம் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணிக்கு 68. பெரும்பான்மைக்குத் தேவை 71. (நியமன ஆங்கிலோ-இந்திய உறுப்பினர் ஒருவரும் அப்போது உண்டு, அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) 72-ல் ஒருவர் சபாநாயகராகிவிட்டார். சமநிலை வந்தால்தான் அவர் ஓட்டுப் போட முடியும். ஆக, நடைமுறையில் 71-க்கு 68. இரண்டு பேர் அந்தப் பக்கம் போனாலே ஆட்சி கவிழ்ந்துவிடும்.

இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. தனிப்பெரும் கட்சி காங்கிரஸ் இல்லை, சிபிஎம்தான். அதற்கு 45, காங்கிரஸுக்கு 38. ஆனாலும் முதல்வரானது உம்மன் சாண்டி. காரணம், முஸ்லிம் லீகின் 20, கே.எம்.மாணியின் கேரளா காங்கிரஸில் 9, அப்புறம் உதிரியாக இருந்த ஐந்து பேர்: சோஷலிஸ்ட் ஜனதாவுக்கு இரண்டு, கேரளா காங்கிரஸின் ஜேக்கப் பிரிவுக்கும் பாலகிருஷ்ண பிள்ளை பிரிவுக்கும் தலா ஒன்று, ஆர்எஸ்பி (பி) கட்சிக்கு ஒன்று.

ஒரு எம்எல்ஏ, ஒரு அமைச்சர்

தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். 2006-ல் திமுகவுக்கு 96 இடம்தான், பெரும்பான்மை கிடையாது. 34 எம்எல்ஏக்களை வைத்திருந்த காங்கிரஸ் வெளியில் இருந்து ஆதரவு கொடுத்தது, ஒரு அமைச்சர் பதவிகூட வாங்காமல் ஐந்து வருஷம் ஓட்டியது. கேரளாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கூட்டணி என்றால் அமைச்சரவையிலும் பங்கு.

2011 மே மாதம் பதவியேற்ற சாண்டி அமைச்சரவையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்வரையும் சேர்த்து 20 பேர். காங்கிரஸுக்கு 10, லீகுக்கு 4, மாணிக்கு 2. மீதி நான்கும் அந்த உதிரிக் கட்சிகளுக்கு, ஆளுக்கு ஒன்று. அதாவது ஒரே ஒரு எம்எல்ஏ வைத்திருந்த மூன்று கட்சிகளுக்கும் கேபினட்டில் இடம். காங்கிரஸிலோ 38 பேரில் 28 பேருக்குப் பதவி இல்லை. அநியாயம் என்று தோணலாம். ஆனால் 72 என்ற எண்ணிக்கையில் அந்த ஒற்றை எம்எல்ஏ இல்லாவிட்டால் 71. விலை அப்படித்தான் ஏறுகிறது.

இந்த மாதிரி ஒற்றை எம்எல்ஏ கட்சியின் தலைவராக இருந்த அமைச்சர் டி.எம்.ஜேக்கப், 2011 அக்டோபரில் இறந்துபோனார். அவருடைய பிறவம் தொகுதிக்கு 2012 மார்ச் 17 அன்று இடைத்தேர்தல். அதற்கு எட்டு நாள் முன்னால், மார்ச் 9 அன்று, நெய்யாற்றின்கரை சிபிஎம் எம்எல்ஏ ஆர்.செல்வராஜ் பதவியை ராஜினாமா செய்தார். கட்சியையும் விட்டார்.

அது கட்சித் தாவல் இல்லையா?

செல்வராஜ் எல்லைப் பகுதிக்குப் புதியவர் இல்லை. 2006-ல் பக்கத்துத் தொகுதியான பாறசாலையில் சிபிஎம் சார்பில் ஜெயித்தவர். 2011-ல் நெய்யாற்றின்கரைக்கு மாறி, அங்கேயும் 6,702 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கட்சியின் மாவட்டத் தலைமை தன்னை ஒதுக்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். காங்கிரஸ் பேரம் பேசி இழுத்துவிட்டது என்பது சிபிஎம் வைத்த குற்றச்சாட்டு. காங்கிரஸ் அதை மறுத்தது.

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் என்ன சொல்கிறது? பதவியில் இருந்துகொண்டே கட்சி மாறினாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ தகுதி நீக்கம். ஆனால் எம்எல்ஏ பதவியையே தூக்கிப் போட்டுவிட்டு, வேறு கட்சியில் சேர்ந்து, அதே தொகுதியில் மறுபடி நின்றால்? சட்டம் கைகட்டி நிற்கும். மக்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பல வருஷம் கழித்து, 2019-ல் கர்நாடகாவில் பல எம்எல்ஏக்கள் இந்த ராஜினாமா வழியில் போய்த்தான் குமாரசாமி ஆட்சி கவிழ்ந்தது. அங்கே சபாநாயகர் தகுதி நீக்கமே செய்தார், உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனாலும் இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை என்று சொல்லிவிட்டது.

செல்வராஜ் போனதும் எல்டிஎஃப் 67 ஆனது. பிறவத்தில் ஜேக்கப்பின் மகன் அனூப் ஜேக்கப் ஜெயித்தார். யுடிஎஃப் மறுபடி 72. நெய்யாற்றின்கரையும் கிடைத்தால் 73. மூச்சு விட கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஐந்தாவது அமைச்சர் பஞ்சாயத்து

இதற்கு நடுவில் முஸ்லிம் லீக் தனக்கு ஐந்தாவது அமைச்சர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. அரசியல் சாசனத்தின் 91-வது திருத்தப்படி அமைச்சர்கள் எண்ணிக்கை சட்டமன்ற பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 140-க்கு 15 சதவீதம் போட்டுப் பாருங்கள்: சரியாக 21. ஒரே ஒரு நாற்காலி பாக்கி. அதை லீக் கேட்டது.

20 எம்எல்ஏக்கள் உள்ள கட்சியிடம் 'முடியாது' என்று சொல்லும் நிலையில் சாண்டி இல்லை. 2012 ஏப்ரல் 12 அன்று அனூப் ஜேக்கப்போடு சேர்ந்து மஞ்சளாங்குழி அலியும் பதவியேற்றார். சமுதாயச் சமநிலை கெட்டுவிட்டது என்று நாயர் சர்வீஸ் சொசைட்டி கொதித்தது. காங்கிரஸுக்குள்ளேயே முணுமுணுப்பு. அன்றைக்கே சாண்டி தன்னிடம் இருந்த உள்துறையைத் திருவஞ்சூர் ராதாகிருஷ்ணனிடம் கொடுத்தார். கேரளாவில் இலாகா மாற்றம் என்பது நிர்வாக விஷயம் மட்டும் இல்லை, சாதி மதக் கணக்கும்கூட. இந்த வேலையை அவர் எவ்வளவு லாகவமாகச் செய்தாலும், கோபம் நெய்யாற்றின்கரையில் வாக்காக இறங்குமோ என்ற பயம் யுடிஎஃபுக்கு இருந்தது. நாடார், நாயர் வாக்குகள் இரண்டும் கனமாக உள்ள தொகுதி அது.

எல்லைக்காரர்களுக்கு இது பழைய கதை

எல்லையில் உள்ள சில சீட்டுகள் ஆட்சியை ஆட்டிவைப்பது இங்கே முதல் முறை இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலத்துக்குப் போவோம். நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸுக்கு 1952-ல் 8 எம்எல்ஏக்கள். அவர்கள் ஆதரவோடு ஏ.ஜே.ஜான் முதல்வரானார். ஆதரவை விலக்கியதும் 1953-ல் ஆட்சி கவிழ்ந்தது. 1954-ல் அந்தக் கட்சிக்கு 12 இடம். ஆனால் 45 இடம் வைத்திருந்த காங்கிரஸ், வெறும் 19 இடம் பெற்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப் பிள்ளையை ஆதரித்து முதல்வராக்கியது. அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் போராட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே பட்டத்தைப் பதவி விலகச் சொன்னார். பட்டம் விலகவில்லை. 1955 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்தது, பனம்பிள்ளி கோவிந்த மேனன் அதே தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவோடு முதல்வரானார்.

நான்கு ஆண்டில் மூன்று முதல்வர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. கோரிக்கைப் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது வரவில்லை. பாறசாலை அந்தப் பக்கம், களியக்காவிளை இந்தப் பக்கம் என்று ஆனது அப்படித்தான்.

ஜூன் 2, 2012

இடைத்தேர்தலுக்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், மே 4 அன்று, வடக்கே ஒஞ்சியத்தைச் சேர்ந்த டி.பி.சந்திரசேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். சிபிஎம்மில் இருந்து பிரிந்து தனிக் கட்சி கண்டவர். பழி சிபிஎம் மீது விழுந்தது. நெய்யாற்றின்கரையில் ஓட்டுப் பதிவு நடந்துகொண்டிருந்த அதே நாளில், சிபிஎம்மின் மூத்த தலைவர் வி.எஸ்.அச்சுதானந்தன் சந்திரசேகரனின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி ரமாவைச் சந்தித்தார். டிவியில் நாள் முழுக்க அதுதான் ஓடியது.

ஜூன் 15 அன்று ரிசல்ட். கை சின்னத்தில் நின்ற செல்வராஜ் 6,334 வாக்குகள் வித்தியாசத்தில் சிபிஎம்மின் எஃப்.லாரன்ஸைத் தோற்கடித்தார். முந்தைய வருஷம் அரிவாள் சுத்தியலுக்கு வாங்கிய வித்தியாசத்துக்கும் இதற்கும் 368 வாக்குதான் குறைவு. ஆனால் இதை வைத்து தொகுதி அப்படியே செல்வராஜ் பின்னால் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 2011-ல் 7 ஆயிரத்தைக்கூடத் தொடாத பாஜக, ஓ.ராஜகோபாலை நிறுத்தி 30 ஆயிரத்துக்கு மேல் வாங்கியது. இரண்டு முன்னணி மீதும் கோபமாக இருந்தவர்கள் போன இடம் அது. இதே ராஜகோபால்தான் 2016-ல் நேமத்தில் ஜெயித்து கேரளாவின் முதல் பாஜக எம்எல்ஏ ஆனார்.

யுடிஎஃப் 73 ஆனது. 2014-ல் ஆர்எஸ்பியும் இந்தப் பக்கம் வந்தது. பார் லஞ்சப் புகாரில் 2015-ல் மாணியே ராஜினாமா செய்ய வேண்டி வந்தபோதும் ஆட்சி கவிழவில்லை, 2016 மே வரை முழுசாக ஓடியது.

செல்வராஜ் அமைச்சராகவில்லை. 21 நாற்காலியும் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. 2016-ல் சிபிஎம்மின் கே.ஆன்சலன் அவரைத் தோற்கடித்தார், 2021-ல் மறுபடியும். பாறசாலையும் 2016-ல் சிபிஎம் கைக்குத் திரும்பிவிட்டது.