சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் பணம் போட்ட ஆர்மீனியர்

கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ போக, அடையாற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இன்று திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் என்று எந்த வழியில் வேண்டுமானாலும் போகலாம். 300 ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால், பரங்கிமலைக்குக் கிளம்பியவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

1726-இல் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியவர், நவாபும் இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனியும் இல்லை. கோஜா பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி.

பாரசீகத்தின் இஸ்பஹானை ஒட்டிய புது ஜுல்பா அவர் ஊர். மணிலாவோடு கடல் வணிகம் செய்து சம்பாதித்தவர், 1720-களில் சென்னைக்குக் குடியேறினார். அவருக்கு முன்பே ஆர்மீனியர்களுக்கு இங்கே செல்வாக்கு உண்டு. 1688-லேயே கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வணிகச் சலுகைகள் வாங்கியிருந்தார்கள். பாரிமுனை அருகே உள்ள ஆர்மீனியன் தெரு அவர்கள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

பாலத்துக்கு உஸ்கான் செலவிட்டது 30,000 வராகன் என்பார்கள். பரங்கிமலை மேல் இருக்கும் மாதா கோயிலுக்கு ஏறும் கற்படிகளும் அவர் கைங்கர்யமே. இதைவிட என்னைக் கவர்வது இன்னொரு தொகை: பாலத்தின் பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கிவைத்தார். கட்டித் திறந்துவைப்பதோடு கடமை முடிந்தது என்று கைகழுவும் புரவலர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. வருஷா வருஷம் வெள்ளம் வரும், கல் பெயரும் என்று கணக்குப் போட்டது வியாபாரி மூளை.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர் சொத்துகள் பறிபோயின. தங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், அவர் அசையவில்லை. 1749-இல் ஊர் மீண்டும் கம்பெனி கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கர்களையும் ஆர்மீனியர்களையும் கோட்டையின் வெள்ளையர் பகுதியிலிருந்து கிளப்புவதில் முனைந்தது கம்பெனி. சொத்தை இழந்தும் கட்சி மாறாதவருக்கு, தம் இனத்தாரின் அந்த நிலையையும் பார்க்க வேண்டியிருந்தது.

1751 ஜனவரியில் உஸ்கான் காலமானார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் தங்கப் பேழையில் வைத்து ஜுல்பாவுக்கு அனுப்பியதாகச் சொல்வார்கள்.

பழைய பாலம் போய், 1960-களில் அதே இடத்தில் புதுப் பாலம் வந்தது. உஸ்கானின் கொடையைச் சொல்லும் கல்வெட்டு ஆர்மீனியன், பாரசீகம், லத்தீன் என மூன்று மொழிகளில் உள்ளது. பல காலம் அது சாலையோரத் தூசியில் கிடந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பாலத்துக்குப் பராமரிப்புப் பணம் வைத்தவர், கல்வெட்டுக்கு வைக்க மறந்துவிட்டார் போலும்!

வேப்பேரியில் அவர் எழுப்பிய மாதா கோயிலையும் கம்பெனி விட்டுவைக்கவில்லை. 1752-இல் அதை லுத்தரன் பாதிரியார் ஃபப்ரிசியஸிடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகளில், புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சு இயந்திரமும் அவரிடம் வந்து சேர்ந்தது. 1779-இல் ஃபப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது அந்த வேப்பேரி அச்சகத்திலிருந்துதான். உஸ்கானின் கல்லறை இன்றும் அங்கே, புனித மத்தியாஸ் ஆலய வளாகத்தில் இருக்கிறது.