80 ஆச்சு, கிளம்பலாம்!

துபாயிலிருந்து அபுதாபிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஒரு நாள் நண்பர் குடும்பத்தோடு அவருடைய எலெக்ட்ரிக் காரில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஒரு வேக சார்ஜரில் நிறுத்தினோம். திரையில் 80 சதவீதம் வந்ததும் நண்பர் பிளக்கைக் கழற்ற எழுந்தார். நான்காம் வகுப்பு படிக்கும் அவர் மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பா, இன்னும் 20 பாக்கி இருக்கே! தட்டுல சோறு மிச்சம் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

பின்னால் இரண்டு கார்கள் காத்திருந்தன. அது பாதி பதில்தான். மீதிப் பாதி பேட்டரிக்குள் இருக்கிறது.

துபாய் மெட்ரோவில் சென்டர்பாயின்ட் நிலையத்தில் ஏறியிருக்கிறீர்களா? ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. காலியாக இருக்கும், ஓடிப்போய் உட்கார்ந்துவிடலாம். அதே ரயில் புர்ஜுமான் வருவதற்குள் நிரம்பிவிடும். அங்கே ஏறுகிறவர் இடித்துப் பிடித்துத்தான் இடம் தேட வேண்டும்.

பேட்டரியில் கிராஃபைட் என்ற கரி இருக்கிறது. உங்கள் பென்சிலில் இருக்கிறதே, அதே பொருள். அது தாள் தாளாக அடுக்கிய அமைப்பு. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஓடிவந்து அந்த அடுக்குகளுக்கு நடுவே உட்காருகின்றன. முதலில் வருகிறவற்றுக்கு நிறைய இடம். கடைசியில் வருகிறவை காத்திருக்க வேண்டும். அப்போதும் அவசரப்படுத்தித் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி கெடும். அதனால் கார் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 10லிருந்து 80 வரை ஏற எவ்வளவு நேரமோ, பல கார்களில் கடைசி 20க்கு மட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் இன்னொரு குடும்பம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கும்!

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குப் போகிறவர் 100 வரை ஏற்றட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது சுமார் 1000 கிலோமீட்டர் பாதை. ஆனால் சார்ஜ் முடிந்த காரை அங்கேயே விட்டுவிட்டுக் கடை கடையாகச் சுற்றுகிறார்களே, அவர்களை என்ன செய்வது? டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரில் ஒரு வழி கண்டது. சார்ஜ் முடிந்தும் நகராத காருக்கு நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம். பெரியவர்களுக்குச் சில சமயம் இப்படித்தான் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளைகுடாவின் வெயிலும் சும்மா இருப்பதில்லை. 45 டிகிரி வெயிலில் பேட்டரியும் சூடாகும். அதைக் குளிர்விக்கக் காருக்குள் ஒரு ஏசி ஓட வேண்டும். அதற்கும் மின்சாரம் வேண்டும். சூடு அதிகமானால் கார் சார்ஜை மெதுவாகவே வாங்கும். நிழலான இடம் காருக்கும் பிடிக்கும்.

சரி, வீட்டில் ஏற்றினால்? சாதாரண மூன்று முள் பிளக்கில் 10 ஆம்பியர் எடுத்தால், 230 வோல்ட்டால் பெருக்குங்கள்: 2300 வாட். டீக்கு வெந்நீர் வைக்கும் கெட்டில் எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் கெட்டில் சில நிமிடங்களில் நின்றுவிடும். 60 யூனிட் பேட்டரியோ 26 மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும்! இதற்குப் போய் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைப் போட்டால் அது சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். சுருட்டி வைத்த ஒயர் என்றால் சூடு வெளியேற வழியே இல்லை. அதனால்தான் சுவரில் தனி சார்ஜர் பொருத்துகிறார்கள். 32 ஆம்பியரில் எட்டு மணி நேரம். நாம் தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். இந்தச் சுவர் சார்ஜரின் பிளக்கைச் செருகியதும் மின்சாரம் உடனே பாய்வதில்லை. முதலில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன! ஒரு சிறிய கம்பி வழியே நொடிக்கு 1000 முறை துடிக்கும் சமிக்ஞை போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பாதி நேரம் மேலே நின்றால், "30 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்" என்று பொருள். பத்தில் ஒரு பங்கு நேரமே நின்றால், "6 ஆம்பியர்தான் தருவேன்." கார் சம்மதம் சொன்ன பிறகுதான் மின்சாரம் வரும். சார்ஜ் ஏறும்போது பிளக்கைக் கார் பூட்டியும் வைத்துக்கொள்ளும். ஆகவே அடுத்தவர் பிளக்கை இழுத்துப் பார்க்காதீர்கள். நம் வேலை முடிந்ததும் கேபிளைத் தரையில் போடாமல் கொக்கியில் மாட்டுங்கள். மணல் புகாது, யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள்.

அடுத்த முறை வேக சார்ஜரில் நிற்கும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20, 50, 80 சதவீதத்தில் திரையில் எத்தனை கிலோவாட் என்று குறியுங்கள். கோடு போட்டு வரைபடமாக்கி அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள். எப்போது கிளம்ப வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.